கத்தரிக்கோல் கருணை

பொரியத் தாமதமாகும் கெக்கோ முட்டைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று தெரிந்துகொள்ள. இரண்டாம் முறை, சொன்னது அவருக்காவது விளங்கியிருக்குமா என்று தெரிந்துகொள்ள. முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். லெப்பர்ட் கெக்கோவின் முட்டை 60 நாளில் பொரிய வேண்டும். பொரியவில்லை என்றால் உள்ளே குஞ்சு வெளிவர வழியில்லாமல் தவிக்கிறது என்று பொருள். ஆகவே நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து ஓட்டைத் திறந்து அதை ‘விடுவிப்பது’ வளர்ப்பவரின் கடமை. செய்யத் தயங்குபவர் கல்நெஞ்சர். நான்கு படிகள். முதல் படி தவறு, இரண்டாவது ஊகம், மூன்றாவது ஆபத்து, நான்காவது வெறும் வசை. இப்படிப்பட்ட ஏணியில் ஏறித்தான் அவர் அறத்தின் உச்சிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். டொரன்டோவில் என் வீட்டு நிலவறையில் பல ஆண்டுகளாக இந்த உயிர்களை வளர்த்து, கல்நெஞ்சர் பட்டியலில் முன்வரிசையில் நிற்பவன் என்ற முறையில், ஏணியைக் கீழிருந்தே கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறேன்.

கெக்கோ என்பது பல்லிதான்; பல்லி என்றதும் துடைப்பத்தைத் தேடும் வாசகருக்கு ஒரு வார்த்தை. இது நம் ஊர் ட்யூப்லைட் அடியில் பூச்சி பிடிக்கும் பல்லி இல்லை. அது இடும் முட்டைக்குச் சுண்ணாம்பு ஓடு உண்டு. காலண்டருக்குப் பின்னாலும் அலமாரி இடுக்கிலும் சின்ன மிட்டாய் மாதிரி கிடக்கும், விரல் பட்டால் நொறுங்கும். லெப்பர்ட் கெக்கோ, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகளைச் சேர்ந்தது. கண்ணுக்கு இமை உண்டு. சுவரேறும் ஒட்டுப்பாதம் கிடையாது. ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை, ஈர மண்ணில் புதைத்துவிட்டுத் தாய் தன் வழியே போய்விடும். முட்டையின் ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். மண்ணின் ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பருக்கும். வீட்டில் வளர்ப்பவர்கள் அதைப் பக்குவமாக எடுத்து, ஈரமான வெர்மிகுலைட் போட்ட டப்பாவில் வைத்து, இன்குபேட்டருக்குள் தள்ளிவிட்டுக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்பைத்தான் கட்டுரையாளர் குற்றமாக்கியிருக்கிறார்.

முதல் வாதம், 60ஆம் நாள். இந்த எண் அவருக்கு எங்கிருந்து கிடைத்தது? முட்டை எழுதிக் கொடுத்ததா? பாலூட்டியின் கருவுக்குத் தாயின் உடம்பு ஒரே சூட்டைத் தருகிறது. கோழி அடைகாத்தாலும் அப்படித்தான், அதனால்தான் 21 நாள் என்று அடித்துச் சொல்ல முடிகிறது. மண்ணில் விட்டுவிட்டுப் போகும் பல்லியின் முட்டைக்கு அந்த வசதி இல்லை. சூடு கூடினால் கரு வேகமாக வளரும், குறைந்தால் மெல்ல வளரும். 32 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்தால் 40 நாளை ஒட்டிப் பொரியும். அதே முட்டையை 26 டிகிரியில் வைத்தால் 60 நாளைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நியூ கலிடோனியாத் தீவுகளின் க்ரெஸ்டட் கெக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள்: அற்றுப்போனதாகக் கருதப்பட்டு 1994-ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்ட அந்த உயிரின் முட்டை, சாதாரண அறைச் சூட்டில் 60 நாளிலும் பொரியலாம், 120 நாளும் எடுக்கலாம். நூற்றுச் சொச்சம் ஆண்டு காணாமல் போய்த் திரும்பி வந்த இனத்திடம் போய், நீ இரண்டு வாரம் தாமதம் என்று கடிகாரத்தைக் காட்டுகிற துணிச்சலை என்னவென்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், தன் இன்குபேட்டர் ‘26-லிருந்து 29 வரைக்கும் ஏறி இறங்கும், அது பெரிய விஷயமில்லை’ என்று அவரே மூன்றாம் பத்தியில் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறார். அந்த மூன்று டிகிரிக்குள் ஏறக்குறைய இரண்டு வாரம் ஒளிந்திருக்கிறது, ஐயா. இரண்டு வாரம் மட்டுமா? இந்த இனத்தில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதையே அடைகாக்கும் சூடுதான் முடிவு செய்கிறது. 26 டிகிரியில் அநேகமாக எல்லாமே பெண், 32.5 டிகிரி அருகில் பெரும்பாலும் ஆண். அதையும் தாண்டி 34, 35 என்று போனால் மறுபடி பெண். ஒரு பிறவியின் பாலையே மாற்றிவிடும் டிகிரிக் கணக்கைப் ‘பெரிய விஷயமில்லை’ என்று தள்ளிவிட்டு, நாள் கணக்கில் மட்டும் பஞ்சாங்கக்காரரைப் போல நாழிகை சுத்தம் பார்க்கிறார். தன் தெர்மாமீட்டரை நம்பாதவர் தன் காலண்டரை மட்டும் எப்படி நம்புகிறார்?

இரண்டாம் வாதம், தவிப்பு. ‘உள்ளே அது மூச்சுக்குத் திணறுவதை என்னால் உணர முடிகிறது’ என்கிறார். உணரட்டும், நல்லது. கூட்டைக் கீறிப் பட்டாம்பூச்சியின் சிறகைக் கெடுத்தவன் கதையை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. அதைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளுக்கே விட்டுவிடுவோம். எனக்கு உடற்கூறு போதும். முட்டைக்குள் இருக்கும் குஞ்சு நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஓட்டின் உட்புறத்தை ஒட்டி ஒரு சவ்வு விரிந்திருக்கும்; அது முழுக்க இரத்தக் குழாய்கள். ஓட்டின் நுண்துளைகள் வழியே வரும் காற்றை வாங்குவது அந்தச் சவ்வுதான். இன்னொரு பக்கம், மிச்சமிருக்கும் மஞ்சள் கரு. கடைசி நாட்களில்தான் குஞ்சு அதைக் கொப்பூழ் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். பிறந்து முதல் தோலை உரித்து இரை தேடும்வரை அதற்கு அதுதான் கட்டுச்சோறு. இந்த இரண்டு வேலையும் முடியும் தறுவாயில் சவ்வின் இரத்த ஓட்டம் அடங்கும், நுரையீரல் பொறுப்பேற்கும், மூக்கு நுனியில் இருக்கும் முட்டைப் பல்லால் குஞ்சு ஓட்டைக் கீறும். மற்றப் பல்லியினங்களுக்கும் பாம்புகளுக்கும் அந்தப் பல் ஒன்றுதான், கெக்கோக்களுக்கு இரண்டு. இயற்கை கத்தரிக்கோலின் இரண்டு அலகையும் குஞ்சின் மூக்கிலேயே பொருத்தி அனுப்பியிருக்கிறது. நம் நண்பருக்கு மட்டும் அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

அந்த வேலை முடியும் முன்னால் கத்தரிக்கோல் உள்ளே போனால் என்ன நடக்கும்? அது வெட்டுவது சிறைக் கதவை இல்லை, குஞ்சின் மூச்சுக்குழாய்க்கு ஈடான ஒன்றை. இரத்தம் கசியும், மஞ்சள் கரு வயிற்றுக்கு வெளியே தொங்கும், திறந்த கொப்பூழில் கிருமி சேரும். ஆக, மூச்சுத் திணறாத ஒன்றைத் திணறுகிறது என்று கருதி அதைக் காப்பாற்றப் போய், உண்மையாகவே திணற வைக்கிறோம். உள்ளே தவிப்பது குஞ்சா, வெளியே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும் வளர்ப்பவரா? கட்டுரை முழுக்கத் தன் தவிப்புக்கு முட்டையின் பெயரை வைத்து எழுதியிருக்கிறார் என்பது என் வாசிப்பு.

இதெல்லாம் மேல்நாட்டு விஞ்ஞானம், நமக்கு வேண்டாம் என்று அவர் சொல்லக்கூடும். இரண்டு இடத்தில் ‘நம் மரபின் ஜீவகாருண்யம்’ என்று வேறு எழுதியிருக்கிறார். சரி, மரபுக்கே போவோம். மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் காசியபருக்கு இரண்டு மனைவியர், கத்ருவும் விநதையும். கத்ரு ஆயிரம் முட்டையிட்டாள், விநதை இரண்டே இரண்டு. எண்ணிக்கையைக் கவனியுங்கள், கெக்கோக் கணக்கு. 500 ஆண்டு கழித்துக் கத்ருவின் முட்டைகள் பொரிந்து நாகங்கள் வெளியே வந்தன. விநதையின் இரண்டும் அசையவில்லை. சக்களத்தியின் தொட்டில் நிறைந்துவிட்டதே என்ற வெட்கத்திலும் ஆற்றாமையிலும் அவள் ஒன்றை உடைத்தாள். வெளியே வந்தவன் அருணன்: மேலுடம்பு வளர்ந்திருந்தது, கீழுடம்பு வளரவில்லை. அவன் தாய்க்கு நன்றி சொன்னானா? அந்தச் சக்களத்திக்கே அடிமையாவாய் என்று சபித்தான். இன்னொன்றையாவது உடைக்காமல் இன்னும் 500 ஆண்டு பொறு, உன் அடிமைத்தனத்தை நீக்குபவன் அதற்குள் இருக்கிறான் என்று சொல்லிவிட்டுச் சூரியனுக்குத் தேரோட்டப் போய்விட்டான். பொறுத்த முட்டையிலிருந்து கருடன் வந்தான். மரபைச் சாட்சிக்கு அழைப்பவர், சாட்சி யார் பக்கம் பேசும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது வழக்கறிஞர் தொழிலின் பாலபாடம். விநதையின் கருணையில் குறை எதுவும் கிடையாது. அவள் கணக்குப் பார்த்தது பக்கத்து வீட்டு முட்டையைக் கொண்டு, தவறு அதுதான்.

மூன்றாம் வாதம், தாய்மை. ‘இயற்கை கொடூரமானது, ஆகவே மனிதன் தலையிட வேண்டும்’ என்று நான்காம் பத்தி முழங்குகிறது. ஆறாம் பத்திக்கு வந்தால், ‘தாய் அருகில் இருந்தால் அதுவே ஓட்டைத் திறந்து உதவியிருக்கும், முதலை செய்வதில்லையா?’ என்று இயற்கையே கருணைக்கு முன்மாதிரியாகிவிடுகிறது. நடுவில் இருந்த ஐந்தாம் பத்தியில் இயற்கை மனம் திருந்திவிட்டது போலும். லெப்பர்ட் கெக்கோத் தாய் முட்டையிட்டுப் புதைத்ததோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. அது வந்து உதவும் என்பது தாலாட்டுப் பாட்டுக்குப் பொருந்தலாம், விலங்கியலுக்குப் பொருந்தாது. முதலை உதவுவது உண்மை. நம் குளத்து முதலையும் நைல் முதலையும் மண்ணைத் தோண்டிக் குஞ்சுகளை வெளியே எடுக்கும், பொரியாத முட்டையை வாயில் இட்டுப் பதமாக உருட்டி உடைத்துவிடுவதும் உண்டு. ஆனால் எப்போது? உள்ளேயிருந்து குஞ்சுகள் குரல் கொடுத்த பிறகு. முட்டைக்குள்ளிருந்து வரும் அந்தச் சின்ன முனகல் காதில் விழும்வரை அந்த ராட்சசி கூட்டின் அருகில் அசையாமல் கிடக்கிறாள். அவ்வளவு பெரிய தாடையை வைத்துக்கொண்டு அவளுக்கு இருக்கிற நிதானம், ஒரு சாண் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு இவருக்கு இல்லையே! தனக்கு எதிரான சாட்சியைத் தானே கைப்பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்ட பெருமை கட்டுரையாளருக்கே உரியது.

நான்காம் வாதம், முன்னுதாரணங்கள். மணிமேகலைக்கு அறவண அடிகள் போலி வாதங்களை வகை பிரித்துச் சொல்லும்போது, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று அடுக்குவார். எடுத்துக்காட்டு வேறு, நிறுவ வந்த பொருள் வேறு என்று நிற்கும் இடம் மூன்றாவது வகை. கோழிப் பண்ணைக்காரர் குஞ்சுக்கு உதவுகிறார் என்கிறார் இவர். கோழி முட்டையின் அகன்ற முனையில் காற்றறை இருக்கிறது. குஞ்சு முதலில் அதற்குள் அலகை நீட்டி மூச்சிழுத்துப் பழகி, அப்புறம்தான் ஓட்டைக் கொத்தும். கெக்கோவின் தோல் முட்டையில் அந்தக் காற்றறை ஏது? கோழி முட்டையைத் தினம் புரட்ட வேண்டும். கெக்கோ முட்டையில் ஓரிரு நாளுக்குள் கரு மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும், அதன்பின் புரட்டினால் சாகக்கூடும். புரட்டுவதிலேயே நேர் எதிராக நிற்கும் இரண்டை, உடைப்பதில் மட்டும் ஒன்றாக்குவது எந்த அளவை நூலில் இருக்கிறது? போகட்டும், அனுபவமுள்ள கோழிக்காரரும் ஓட்டில் துளை விழுமுன் கை வைப்பதில்லை.

மலைப்பாம்பு வளர்ப்பவர்கள் வெட்டுகிறார்களே? வெட்டுகிறார்கள்தான், அவர்களுக்குள்ளேயே அது சரியா என்ற சண்டை ஓயவில்லை என்பதைச் சொல்ல நண்பர் மறந்துவிட்டார். ராயல் பைத்தானின் முட்டை கோழி முட்டையைவிடப் பெரியது, வெட்ட இடம் இருக்கிறது. பெரும்பாலோர் வெட்டுவதும் அதே ஈட்டில் முதல் பாம்பு மூக்கை நீட்டிய பிறகுதான். நம் கெக்கோ முட்டை கட்டை விரலின் மேல் கணு அளவு. உள்ளே மூன்று கிராம் எடையுள்ள ஒரு உயிர் ஓட்டுக்கும் தனக்கும் இடைவெளி இல்லாமல் சுருண்டிருக்கிறது. பூசணிக்காய் நறுக்கத் தெரிந்தவர் கண் புரைக்கு அறுவை செய்யலாம் என்பதுபோல இருக்கிறது இந்த உவமை.

ஐந்தாம் வாதம்தான் அவருடைய பிரம்மாஸ்திரம். இதுவரை 11 முட்டைகளை வெட்டியிருக்கிறாராம், 8 குஞ்சுகள் பிழைத்தனவாம். கைதட்டலாம். ஆனால் வெட்டாமல் விட்டிருந்தால் அந்த 11-ல் எத்தனை பொரிந்திருக்கும் என்ற ஒரே கேள்விக்கு அவரிடம் விடை இருக்கிறதா? எட்டும் மறுநாள் தாமாகவே வந்திருக்கும் என்றால், அவர் காப்பாற்றியது எத்தனை? பூஜ்யம். பதினொன்றும் வந்திருக்கும் என்றால், அவர் கொன்றது எத்தனை? மூன்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். இங்கே காக்கை தான் தள்ளிய பழங்களுக்குப் பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறது. இறந்த மூன்றைப் பற்றி அவர் எழுதியிருப்பது ஒரே வரி: ‘அவை எப்படியும் பலவீனமானவை.’ பிழைத்தால் கத்தரிக்கோலின் பெருமை, செத்தால் குஞ்சின் விதி. தோற்கவே முடியாத இப்படியொரு ஆட்டத்தை ஆடுபவருக்குச் சோதனை என்ற சொல்லின் அர்த்தம் தெரிந்திருக்க நியாயமில்லை.

முட்டைக்குள் முழு வளர்ச்சியோடு இறந்து கிடக்கும் குஞ்சுகளையும் சாட்சிக்கு இழுக்கிறார்: ‘முன்பே வெட்டியிருந்தால் பிழைத்திருக்கும்.’ அவை ஏன் இறந்தன என்று கேட்டாரா? சூடு தாறுமாறானால் சாகும்; ஈரம் மிஞ்சினாலும் வற்றினாலும் சாகும்; தாய்க்குச் சுண்ணாம்புச் சத்தும் விட்டமினும் போதாவிட்டால் கோளாறோடு வளர்ந்து சாகும்; நெருங்கிய இரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டே போனாலும் சாகும். இவற்றில் எதைக் கத்தரிக்கோல் குணப்படுத்தும்? வெளியே வர முடியாததால் செத்தது என்பது ஒரு ஊகம். சாகப்போவதால் வெளியே வரவில்லை என்பதும் அதே அளவுக்குப் பொருந்தும். இரண்டாவது ஊகம் வளர்ப்பவரை நோக்கி விரல் நீட்டுவதால், முதலாவதே அவருக்கு உவப்பாக இருக்கிறது.

இவ்வளவு ஓட்டை உள்ள வாதத்தை விவரம் தெரிந்த ஒருவர் ஏன் பிடித்துத் தொங்குகிறார்? பதில் கட்டுரையிலேயே, கடைசிக்கு முந்திய பத்தியில், அடைப்புக்குறிக்குள் பதுங்கியிருக்கிறது: ‘முன்பணம் கொடுத்தவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டுமே.’ ஆகா, கருணையின் முகவரி கிடைத்துவிட்டது. அபூர்வ நிறத்துக்கு அபூர்வ விலை என்பது இந்த வளர்ப்புச் சந்தையின் எழுதப்படாத சட்டம். அதன் பலனையும் பார்த்தாயிற்று. லெமன் ஃப்ராஸ்ட் என்ற நிறவகை லெப்பர்ட் கெக்கோக்களில் தோன்றியபோது அந்த வெளிர்மஞ்சள் மினுக்கத்துக்குப் பெருந்தொகை கொடுத்தார்கள். பிறகு உடம்பெங்கும் கட்டிகள் கிளம்பின. நிறத்தைத் தந்த அதே மரபணுக் கோளாறுதான் கட்டியையும் தந்தது என்று 2021-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனிக்மா என்ற இன்னொரு நிறவகைக்குத் தலை சாய்ந்து வட்டமடிக்கும் நரம்புக் கோளாறு. அழகான நிறத்துக்கும் விலைக்கும் அவசரப்படும் சந்தை, முட்டையிடம் மட்டும் பொறுமை காட்டுமா? வாங்குபவர் வாசலில், இன்குபேட்டரில் அடுத்த ஈட்டுக்கு இடம் வேண்டும், ஓட்டிலிருந்து தலை எட்டிப் பார்க்கும் வீடியோவுக்குக் கைபேசி தயார். இத்தனை அவசரங்களுக்கும் சேர்த்து ‘ஜீவகாருண்யம்’ என்று ஒரே பெயர் வைத்தது சிக்கனம்தான். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

இவ்வளவு பேசுகிற நீ யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. எட்டு ஆண்டுக்கு முன் நானும் வெட்டினேன். ஒரே ஈட்டு முட்டை இரண்டு, 64ஆம் நாள். தெர்மோஸ்டாட் 28 என்று காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டும். விநதை கதை எனக்குத் தெரியும், தெரிந்துமே வெட்டினேன். ஓடு ஈரக் காகிதம் மாதிரி எளிதாக வழிவிட்டது. வெள்ளை டிஷ்யூவில் ஒரு துளி இரத்தம், கடுகளவு, பிறகு மிளகளவு. குஞ்சின் வயிற்றுக்கு வெளியே பட்டாணிப் பருமனில் மஞ்சள் கரு. முன்னங்காலை ஒருமுறை விரித்து மூடியது. ஐந்து விரலையும் எண்ண முடிந்தது. சாயங்காலத்துக்குள் அடங்கிவிட்டது. பயந்துபோய் மற்றதைத் தொடாமல், இன்குபேட்டரை ஆராய்ந்தேன். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை நழுவி, சூடேற்றும் பட்டையின் மேலேயே படுத்திருந்தது. பட்டையின் சூட்டை டப்பாவின் சூடு என்று நம்பி, மின்சாரத்தை முன்கூட்டியே அணைத்துக்கொண்டிருந்தது. டப்பாவுக்குள் வேறொரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்: 25.5. தாமதம் முட்டையுடையது என்று எண்ணியிருந்தேன், என்னுடையது. 71ஆம் நாள் காலை, இரண்டாவது குஞ்சு தானாகவே வந்து வெர்மிகுலைட் மேல் உட்கார்ந்துகொண்டு, மூடியைத் திறந்த என்னைப் பார்த்து வாயைப் பிளந்து கத்தியது. அருணனைப் போலச் சபிக்கவில்லை. சபித்திருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

பரபக்கம் போதும், சுபக்கத்துக்கு, அதாவது என் தரப்புக்கு, வருகிறேன். தலையிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அது சோம்பேறியின் வேதாந்தம். யார் கேட்டுத் தலையிடுகிறோம் என்பதே என் கேள்வி. காலண்டர் கேட்டால் கை கட்டி நில்லுங்கள், முட்டை கேட்டால் எழுந்திருங்கள். முட்டை எப்படிக் கேட்கும்? நாள் நெருங்கினால் ஓட்டின் மேல் வியர்வை மாதிரி நீர்த்துளி அரும்பும். விம்மியிருந்தது குழிந்து தளரும். பிறகு ஓர் ஊசிக் கீறல், அதில் ஒரு மூக்கு. கீறல் விழுந்த பிறகும் குஞ்சு மணிக்கணக்காக, சில சமயம் ஒரு நாள் வரைக்கும்கூட, தலையை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். சோம்பல் என்று நினைக்காதீர்கள், மிச்சமுள்ள மஞ்சள் கரு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. ஒரு முழு நாள் கடந்தும் முன்னேற்றம் இல்லை, சவ்வு காய்ந்து தலையில் ஒட்டிக்கொண்டது, குஞ்சு தளர்கிறது என்றால், அப்போது உதவலாம்: வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய தூரிகையால் சவ்வை ஈரமாக்குங்கள், அதற்கும் அசையாவிட்டால், அது போட்ட கீறலையே இன்னும் சிறிது நீளமாக்குங்கள், புதிய வாசல் வைக்காதீர்கள், வெளியே இழுக்காதீர்கள். இரத்தம் தெரிந்த கணமே நிறுத்திவிட்டு மூடியைச் சாத்துங்கள்.

கீறலே விழாத முட்டைக்கு முதலில் டார்ச். இருட்டறையில், இருந்த இடத்தை விட்டுப் புரட்டாமல், பக்கத்தில் வெளிச்சம் காட்டினால் செம்மையும் நரம்போட்டமும் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் உயிர் இருக்கிறது, வேலை நடக்கிறது, உங்களுக்கு அங்கே வேலை இல்லை. இரட்டையில் ஒன்று வந்து பல நாளாகி, மற்றது குழிந்துபோய் அப்படியே கிடந்தால், அனுபவசாலிகளே இரண்டு பக்கமும் பேசுகிற இடம் அது. அங்கே கத்தரியை எடுப்பவரைக் கொலைகாரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான தலையீட்டுக்கு நேரம் இரண்டு மாதத்துக்கு முன்பே வந்து போய்விட்டது. மெலிந்த பெண்ணை, வயது வராத பெண்ணை இணை சேர்க்காமல் விட்டீர்களா? இரையின் மேல் சுண்ணாம்புப் பொடி தூவினீர்களா? முட்டையின் மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி வானத்தைப் பார்க்கும்படியே நகர்த்தினீர்களா? டப்பாவுக்குள் இரண்டாவது தெர்மாமீட்டர் இருக்கிறதா? இவற்றில் படமெடுக்க ஒன்றும் இல்லை, வீரம் இல்லை, வாசகர் கண்ணில் நீர் வரவழைக்கும் வசதி இல்லை. அதனால்தான் 60 நாள் அலட்சியத்தை 60 நொடி வீரத்தால் ஈடுகட்டும் ஒரு கட்டுரையில் இவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

நற்றிணையின் 98ஆம் பாட்டில் ஒரு காட்டுப்பன்றி வருகிறது. முள்ளம்பன்றி முள்ளைப் போன்ற பிடரி மயிர், சின்னக் கண். மலைப்புனத்துக்குள் நுழையப்போகும் நேரத்தில் பக்கத்தில் ஒரு பல்லி ஒலிக்கிறது. பன்றி அப்படியே பின்வாங்கித் தன் குகைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பல்லி சொல்வதைக் கேட்டு நடக்கும் அந்தப் பக்குவம் ஒரு பன்றிக்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே வாய்த்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் நிலவறை அலமாரியில் க்ரெஸ்டட் கெக்கோ முட்டை இரண்டு, 83ஆம் நாளில் இருக்கின்றன. டப்பாவின் மூடியில் ஒட்டிய காகிதத்தில் இட்ட தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன். பொரியும் தேதிக்கு இடமே விடவில்லை. கட்டுரையாளர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். தேநீர் உண்டு. கத்தரிக்கோலை மட்டும் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டு வரட்டும்.